கொழும்புக்குப் போக பாஸ்போர்ட் எதற்கு?

வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தாலோ, காலாவதியானாலோ இந்தியத் தூதரகம்தான் கதி. முக்கூடலில் இருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் வீட்டில் இது தெரிந்த சங்கதி. ஆனால் ஒரு காலத்தில் இதே நெல்லைச் சீமையில் இருந்து கடல் தாண்டிப் போனவர்கள் பாஸ்போர்ட் பற்றி யோசித்ததே இல்லை. அவர்கள் போனது இலங்கைக்கு!

வியாபாரிகள் தூத்துக்குடியில் கப்பல் ஏறி கொழும்பில் கடை வைத்தார்கள். தோட்டத் தொழிலாளர்கள் மண்டபம் முகாமில் தங்கி, நோய் இல்லை என்று சோதிக்கப்பட்ட பிறகு மலையகம் போனார்கள். இரண்டு கரையிலும் ஆங்கிலேயர் ஆட்சி. அதனால் யார் எந்த நாட்டவர் என்ற கேள்வியே எழவில்லை.

சுதந்திரத்தோடு அந்தக் கேள்வியும் வந்தது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். அதே ஆண்டின் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டும் விசாவும் கட்டாயமாயின. இந்திய அரசியல் சட்டத்தின் 8வது பிரிவு ஒரு வழி வைத்திருந்தது. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள இந்தியத் தூதரிடம் பதிவு செய்து குடிமகன் ஆகலாம். அதாவது தூதரகம் பயணத்துக்குத் தாள் கொடுக்கும் அலுவலகம் மட்டும் அல்ல, நாட்டையே கொடுக்கும் இடம்.

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கு இதுதான்:

மொத்தம் 9,75,000 பேர்
இந்தியாவுக்கு 5,25,000
இலங்கைக்கு 3,00,000
மீதி 1,50,000 (1974ல் ஆளுக்குப் பாதி)

கணக்கு சரி. ஆனால் இதில் எந்தப் பெட்டியில் சேருவது என்று ஒவ்வொரு குடும்பமும் விண்ணப்பம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியா வேண்டும் என்று விண்ணப்பித்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர்தான். ஒதுக்கிய எண்ணிக்கையை விடக் குறைவு! மலையகத்திலேயே பிறந்தவர்களுக்கு இந்தியா என்பது தாத்தாவின் ஊர்ப் பெயர் மட்டும்தானே?

இந்தியாவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு கண்டியில் இருந்த இந்திய உதவி ஹைகமிஷன் அலுவலகம் பாஸ்போர்ட் கொடுத்தது. சேமநல நிதி, பணிக்கொடை உட்பட சொத்தைக் கொண்டு போகலாம் என்றது ஒப்பந்தம். குடும்பத்துக்கான உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்பது உறுதி. பல தலைமுறை உழைப்புக்கு அதுதான் உத்தரவாதம். பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம். இங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’.

1984ல் போர் காரணமாக அந்தக் கப்பலும் நின்றது. இந்திய பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தியாவுக்கு வர முடியாமல் ஆயிரக்கணக்கானோர் மலையகத்திலேயே தங்கிவிட்டார்கள். பாஸ்போர்ட் காலாவதியானது. பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகள் எந்த நாட்டவர்? 2003ல் இலங்கை நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிய பிறகுதான் அவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி பிறந்தது. 1948ல் இருந்து எண்ணினால் 55 வருடம்!

இன்று முக்கூடல்காரர் பாஸ்போர்ட் எடுக்க திருநெல்வேலி சேவா மையத்துக்குப் போனால் போதும். பிறப்புச் சான்று, முகவரிச் சான்று என்று கேட்கும்போது சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சலிப்பே ஒரு சலுகை. தான் எந்த நாட்டவர் என்று யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை.