கொல்கிச் சிக்கல்: கலப் புன்னங்கம் ஒன்றின் ஐயப்பாட்டு வரலாறு

உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் விலங்குக் கலத்தின் படத்தை வரையும்பொழுது, நடுவே கருவையும் அதனைச் சூழ இழைமணிகளையும் வரைந்தபின், கருவின் ஒரு பக்கத்தே நான்கைந்து வளைகோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, ஓரங்களிற் சில சிறு வட்டங்களையும் சேர்த்து, 'கொல்கிச் சிக்கல்' எனப் பெயர் குறிக்கின்றான். தாவரக் கலமாயின் அதே அடுக்கை இரண்டு மூன்று இடங்களில் இடுவான். அரை நிமிடத்தில் முடிந்துவிடும் அவ்வேலைக்குப் பின்னால் ஐம்பத்தாறு ஆண்டு நடந்த வழக்கொன்று கிடக்கின்றது. அவ்வளைகோடுகள் குறிக்கும் பொருள் உயிருள்ள கலத்தினுள் உண்மையாகவே உண்டா, அன்றேல் ஆய்வுகூடத்து இரசாயனப் பொருள்கள் இறந்த கலத்தில் ஏற்படுத்திய கறையா என்பதே அவ்வழக்கு. 'சிக்கல்' என்ற சொல் இங்கு கூட்டமைப்பு என்ற பொருளிலேயே ஆளப்பட்டது. எனினும், வரலாற்றை நோக்குமிடத்து அச்சொல்லின் மற்றைப் பொருளும் நன்றாகவே பொருந்துகின்றது.

கலத்தை முதலிற் கண்டவர்கள் அதன் உள்ளே எதனையும் காணவில்லை. 1665 இல் வெளியான தமது 'மைக்குரோகிராபியா' என்னும் நூலில் றொபேட் ஹூக் விவரித்தவை, தக்கையின் மெல்லிய சீவலிற் கண்ட வெற்று அறைகளே. ஒரு கன அங்குலத் தக்கையில் அத்தகைய அறைகள் நூற்றிருபது கோடிக்கு மேல் இருக்கும் எனவும் அவர் கணக்கிட்டார். உயிர் நீங்கியபின் எஞ்சிய சுவர்களையே அவர் எண்ணினார். ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் வழங்கும் 'கலம்' என்னுஞ் சொல்லும் ஒருவகையிற் சுவரையே முதன்மைப்படுத்துவது; கலம் எனின் பாத்திரம். பாத்திரத்தினுள் இருப்பது யாது என்ற கேள்வி எழுவதற்கு நெடுங்காலஞ் சென்றது. 1831 இல் றொபேட் பிறவுண் ஓக்கிட்டுத் தாவரங்களின் கலங்களிற் கருவினை இனங்கண்டு பெயரிட்டார். 1838 இல் ஷ்லைடன் தாவரங்களுக்கும், 1839 இல் ஷுவான் விலங்குகளுக்கும் கலக்கொள்கையை நிறுவினர். பச்சையவுருமணிகள் இயல்பாகவே நிறமுடையனவாதலின் அவற்றைக் காண்பதிற் பெருந் தொல்லை இருக்கவில்லை. எஞ்சிய குழியவுருவோ கண்ணாடி போல் ஒளியை ஊடுசெல்லவிட்டது. அதனுள் உள்ளதைக் காணவேண்டுமாயின் முதலிற் கலத்தைக் கொன்று, அமிலத்திலோ மதுசாரத்திலோ பதப்படுத்தி, சாயமிடவேண்டியிருந்தது. ஆகவே, காண்பது கலத்தின் உறுப்பா, சாயத்தின் விளைவா என்ற ஐயம் அக்கலையோடு உடன்பிறந்த ஒன்றாகும்.

சாயமிடுங் கலையிற் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெருந் திறமையாளருள் ஒருவர் கமிலோ கொல்கி. 1843 இல் வட இத்தாலியின் கோர்ட்டேனோ என்னும் மலைக்கிராமத்திற் பிறந்த இவர், அபியாத்தேகிராசோ என்னும் சிற்றூரின் மருத்துவமனையிற் பணிபுரிந்த காலத்தில், அங்கிருந்த சமையலறையொன்றை ஆய்வுகூடமாக்கிக்கொண்டு, 1873 இல் 'கருந்தாக்கம்' எனப் பெயர்பெற்ற முறையைக் கண்டுபிடித்தார். நரம்பிழையத்தை முதலிற் பொற்றாசியம் இருகுரோமேற்றிலும் பின்னர் வெள்ளி நைத்திரேற்றிலும் ஊறவிடுமிடத்து, ஆயிரக்கணக்கான நரம்புக் கலங்களுள் ஒருசில மட்டும் முழுமையாகக் கறுத்து, கிளைகளின் நுனிவரை தெரிந்தன. எக்கலம் கறுக்கும், எது கறுக்காது என்பதை ஒருவராலும் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. அம்முறையின் பலமும் குறையும் அதுவே.

இம்முறையைச் சிறிது மாற்றிக் கூகையொன்றின் சிறுமூளையிற் பயன்படுத்தியபோது, பேர்கிஞ்சிக் கலங்களின் உள்ளே, கருவைச் சுற்றி, கலத்தின் விளிம்பைத் தொடாத வலைபோன்ற கருமையான அமைப்பு ஒன்றினைக் கொல்கி கண்டார். 1898 ஏப்பிரலிற் பாவியா நகரின் மருத்துவ சத்திரசிகிச்சைச் சங்கத்தில் அதனை 'உள்வலை உபகரணம்' என அறிவித்தார். அதே ஆண்டில் ஜேர்மனியிற் கார்ல் பெண்டா, நூலும் மணியும் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து மைற்றோகொந்திரியன் என்னும் பெயரை ஆக்கினார். நமது 'இழைமணி' அப்பெயரின் நேர் ஆக்கமாகும். இழைமணியும் ஐயத்துக்குத் தப்பவில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் றிச்சாட் அல்ட்மன் அம்மணிகளைத் தனித்து வாழவல்ல அடிப்படை உயிர்கள் எனக் கூறி ஏளனத்துக்கு ஆளாகியிருந்தார். ஆயின் இழைமணிகளை உயிருள்ள கலத்திலும் காண முடிந்தமையால் அவற்றின் இருப்பு விரைவில் ஏற்கப்பட்டது. கொல்கியின் வலைக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

வலையை ஐயுற்றோருக்கு நியாயங்கள் பல இருந்தன. முதலாவதாக, வெள்ளி முறையும் பின்னர் வந்த ஒசுமியம் முறையும் ஒரே இழையத்தில் ஒருநாள் வலையையும் மறுநாள் வெறுமையையும் காட்டின. ஒருவருக்கு வலையாகத் தோன்றியது மற்றொருவருக்குக் கோல்களாகவும் பிறைகளாகவும் துணிக்கைகளாகவும் தோன்றியது. தாவரக் கலங்களில் இம்முறைகள் பெரும்பாலும் தெளிவான விடையைத் தரவேயில்லை. இரண்டாவது நியாயம் வெளிப்படையாகப் பேசப்படாவிடினும் புறக்கணிக்கத்தக்கதன்று. நரம்புத்தொகுதி முழுவதும் ஒன்றோடொன்று இணைந்த ஒரே வலை என வாதிட்டவர் கொல்கி. அவருடைய முறையையே பயன்படுத்திய ஸ்பானிய அறிஞர் ரமோன் இ காகால், நரம்புக் கலங்கள் தனித்தனியானவை என நிறுவினார். 1906 இல் இருவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டபோதும், கொல்கி தமது பரிசுரையிலே காகாலின் கொள்கையை மறுத்தே பேசினார். கலங்களுக்கிடையே இல்லாத வலையைக் கண்ட கண், கலத்தினுள்ளும் இல்லாத வலையைக் கண்டிருக்கலாமன்றோ?

1920 களில் வழக்குச் சூடேறியது. பிரான்சிய ஆய்வாளர் மோரிஸ் பரா, நடுநிலைச் சிவப்பு என்னும் சாயம் உயிருள்ள கலங்களிற் காட்டும் சிறு புன்வெற்றிடங்களே உண்மையானவை, அவற்றின் சிதைவே கொல்கி வலை என்றார். மறுபுறத்தில் ருசியரான நசோனொவ் 1923 இல், சுரப்பிக் கலங்களிற் சுரக்கும் பொருளின் மணிகள் இவ்வமைப்பின் அருகிலேயே முதலில் தோன்றுவதை எடுத்துக்காட்டி, சுரத்தலே இதன் தொழில் எனக் கருதினார். அமெரிக்காவிற் பவன் என்பாரும் அவ்வாறே கொண்டார். இவ்விருவருடைய ஊகமும் பிற்காலத்திற் சரியென நிறுவப்பட்டது. ஆனால், இருப்பே ஐயத்திற்குரிய ஒன்றன் தொழிலைப் பற்றிய ஊகத்தைப் பலர் பொருட்படுத்தவில்லை. ஒக்ஸ்போட்டிற் ஜோன் பேக்கர், 1940 களிலிருந்து சூடான் கறுப்பு என்னும் சாயத்தைக் கொண்டு ஆராய்ந்து, கலத்திற் கொழுப்புச் சார்ந்த துளிகள் உண்டேயன்றி வலை இல்லை என்று விடாது வாதிட்டார்.

மிகக் கடுமையான அடி 1949 இல் விழுந்தது. அதனை அளித்தோர் சாதாரணர் அல்லர். நியூயோர்க்கின் றொக்கெபெலர் நிறுவகத்தைச் சேர்ந்த அல்பேட் குளோட், கலங்களை நசுக்கி மையநீக்கியிற் சுழற்றி, அவற்றின் கூறுகளை எடையின்படி வேறாக்கும் முறையை வளர்த்தவர். 1945 இற் கீத் போட்டருடனும் ஏணஸ்ட் புல்லமுடனும் சேர்ந்து முழுக்கலமொன்றின் முதல் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படத்தை வெளியிட்டவர். ஜோர்ஜ் பலாடே, 1946 இல் ருமேனியாவிலிருந்து அமெரிக்கா வந்த இளம் மருத்துவர். இருவரும் இரண்டு நீண்ட கட்டுரைகளில், கொல்கி உபகரணம் என்பது கலத்தின் கொழுப்புப் பொருள்கள் பதப்படுத்தும்போது உருமாறித் தோன்றும் 'மயலின் உருக்கள்' அன்றி வேறில்லை என முடிவு கூறினர். அவர்களுடைய பரிசோதனைகள் கவனமானவை. இறந்த கலத்தில் அத்தகைய உருக்களைச் செயற்கையாக உண்டாக்கலாம் என்பதும் உண்மையே. செயற்கையாக உண்டாக்கக் கூடியது இயற்கையில் இல்லை என்று கொண்ட இடத்திலேதான் பிழை நேர்ந்தது.

ஒளி நுணுக்குக்காட்டி ஒரு மில்லிமீற்றரின் ஐயாயிரத்தில் ஒரு பங்கிற்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டவல்லதன்று. ஆதலால், வாதிட்டோர் அனைவரும் கருவியின் எல்லைக்கு அப்பாலுள்ள பொருளைப் பற்றியே வாதிட்டனர் எனலாம். 1931 இல் ருஸ்காவும் க்னோலும் தொடக்கிவைத்த இலத்திரன் நுணுக்குக்காட்டி அவ்வெல்லையை உடைத்தது. ஆனால் இலத்திரன்கள் ஊடுசெல்லத்தக்க அளவு மெல்லிய சீவல்களை வெட்டுவது எவ்வாறு? 1950 இற் கண்ணாடித் துண்டின் உடைந்த விளிம்பே கத்தியாகப் பயன்படலாம் எனக் கண்டறியப்பட்டது. 1952 இற் பலாடே, ஒசுமியம் நாலொட்சைட்டைத் தாங்கற்கரைசலிற் கலந்து, கலத்தைச் சிதைக்காது பதிக்கும் முறையை வகுத்தார். அதன் பயனாக இழைமணியின் உள்மடிப்புகள் புலனாயின. 1955 இல் இறைபோசோம்களும் அவர் கண்ணுக்குத் தெரிந்தன.

1954 இல் அமெரிக்கரான டோல்டனும் பீலிக்சும், ஆண் கொறிவிலங்குகளின் இனப்பெருக்கக் கான்களின் மேலணிக் கலங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தனர். கொல்கியின் வலை கறுத்துத் தோன்றும் அதே இடத்தில், தட்டையான பைகள் தோசைகளை அடுக்கினாற் போல ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதையும், அவற்றின் ஓரங்களிற் சிறு புடகங்கள் நிறைந்திருப்பதையும் கண்டனர். ஸ்கண்டிநேவிய ஆய்வாளர் ஷோஸ்ட்ராண்டும் ஹன்சனும் அதே ஆண்டிற் சதையியின் கலங்களில் ஒத்த அமைப்பைக் காட்டினர். ஷ்னைடரும் கஃபும் மையநீக்கியால் அதனைக் கலத்திலிருந்து பிரித்தெடுத்து விவரித்ததும் அவ்வாண்டிலேயே. கண்ணாற் காண்பதற்கும் கையாற் பிரித்தெடுப்பதற்கும் ஒருங்கே உட்பட்ட ஒன்றைக் கறை எனத் தள்ள இயலாது போயிற்று. தாவரக் கலங்களிலும் ஐயம் நீங்கியது. அங்கு அடுக்குகள் ஓரிடத்திற் குவியாது குழியவுரு எங்கும் தனித்தனியே சிதறிக் கிடந்தமையால், 'வலை'யைத் தேடியோர் அதனைக் காணாதுபோனது வியப்பன்று. 1964 இல் மோரேயும் மொலன்ஹவரும் தாவரக் கலங்களிலிருந்தே கொல்கி அடுக்குகளைப் பிரித்தெடுத்தனர்.

தொழிலை நிறுவியவர் யார் என்பதிலேதான் இவ்வரலாற்றின் சுவை இருக்கின்றது. 1949 இற் கொல்கி உபகரணத்தை இல்லையென மறுத்த அதே பலாடே, 1960 களில் அதன் தொழிலைத் துலக்கியவர்களுள் முதல்வரானார். ஜேம்ஸ் ஜேமிசனுடன் அவர் 1967 இல் வெளியிட்ட ஆய்வு, கினிப் பன்றியின் சதையித் துண்டுகளிற் செய்யப்பட்டது. கதிர்த்தொழிற்பாடுடைய லியூசின் என்னும் அமினோவமிலத்தை மூன்று நிமிடம் மட்டும் கலங்களுக்கு ஊட்டிப் பின்னர் சாதாரண லியூசினில் இட்டு, அது சேர்ந்த புரதம் எந்நேரத்தில் எங்கே இருக்கின்றது எனப் பின்தொடர்ந்தனர். முதல் மூன்று நிமிடத்தில் இறைபோசோம்கள் ஒட்டிய அகமுதலுருச் சிறுவலையில் இருந்த புரதம், ஏறக்குறைய இருபது நிமிடத்திற் கொல்கிப் பகுதியை அடைந்தது. இரண்டு மணி நேரத்தின்பின் சுரப்பு மணிகளிற் பொதிந்து கிடந்தது. அதற்கு முந்திய ஆண்டில் நியூட்ராவும் லெப்லொண்டும், எலியின் குடலிற் சளி சுரக்கும் கலங்களிற் கதிர்த்தொழிற்பாடுடைய குளுக்கோசு முதலிற் சென்று சேர்வது கொல்கி அடுக்கிலே எனக் காட்டியிருந்தனர். புரதத்தோடு வெல்லத்தைப் பிணைப்பதும், பொருள்களைத் தரம்பிரித்துப் பொதிசெய்து உரிய இடத்துக்கு அனுப்புவதும் இதன் வேலை என்பது இவ்வாறு தெளிந்தது. தாவரக் கலத்தில் இதற்குக் கூடுதற் பொறுப்பு ஒன்றுண்டு: கலச்சுவரின் பெத்தினும் அரைச்செலுலோசும் இங்கேயே தொகுக்கப்படுகின்றன. செலுலோசு மட்டும் இவ்வழி வருவதில்லை. அது முதலுருமென்சவ்விலே தொகுக்கப்படுவது. ஆக, ஹூக் தக்கையிற் கண்ட அறைச்சுவரின் ஒரு பகுதி, அவர் காணமுடியாத இவ்வடுக்குகளிலிருந்து வந்ததே.

1974 இற் குளோட், பலாடே, டி டூவ் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பலாடேயின் பரிசுரை விவரித்த சுரத்தற் பாதையிற் கொல்கிச் சிக்கல் தவிர்க்கவியலாத ஓர் இடமாகும். தம் பழைய முடிவைத் தாமே கைவிட்டுச் செல்லும் துணிவை விஞ்ஞான வரலாற்றில் அடிக்கடி காணமுடிவதில்லை. காகாலுக்கு எதிராக இறுதிவரை வாதாடிய கொல்கியோடு ஒப்பிடுமிடத்து இது மேலும் புலப்படும்.

ஐயுற்றோரை அறிவிலிகள் எனக் கொள்வதும் தவறு. பற்றீரியாக்களின் மென்சவ்வு உள்நோக்கி மடிந்து ஆவதாகக் கருதப்பட்ட 'மீசோசோம்' என்னும் உறுப்பு, 1950 களிலும் 1960 களிலும் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களில் மீண்டும் மீண்டும் தோன்றியது. அதற்குச் சுவாசத் தொழிலும் கலப்பிரிவுத் தொழிலும் ஏற்றப்பட்டன. பாடநூல்களிலும் அது இடம்பெற்றது. 1970 களில், இரசாயனப் பொருள்களைத் தவிர்த்து விரைவாக உறையவைக்கும் முறையாற் பற்றீரியாக்களைப் பதித்துப் பார்த்தபோது மீசோசோமைக் காணவில்லை. அது உண்மையாகவே பதப்படுத்தலின் விளைவாக இருந்தது. கொல்கியின் வலைக்கு எதிராகப் பேக்கரும் பராவும் கூறிய நியாயம் முழுவதும் மீசோசோமுக்குப் பொருந்திற்று.

கொல்கி அடுக்கின் இருப்பு ஏற்கப்பட்டபின்னும், அதனூடாகப் புரதம் செல்லும் விதம் நெடுங்காலம் பூசலுக்குரியதாகவே இருந்தது. பைகள் நிலையாக நிற்க, புடகங்கள் சரக்கைப் பையிலிருந்து பைக்குக் கொண்டுசெல்கின்றன என்றனர் ஒரு சாரார். பைகளே முதிர்ந்து அடுக்கின் ஒரு முகத்திலிருந்து மறுமுகத்துக்கு நகர்கின்றன என்றனர் மற்றொரு சாரார். மதுவத்தின் கொல்கிப் பைகள் அடுக்காகாது தனித்தனியே கிடப்பதால், அவற்றை வேறுவேறாக நோக்க முடியும். 2006 இல் யப்பானிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர், அப்பைகளுக்குரிய புரதங்களிற் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிரும் அடையாளங்களை இணைத்து, உயிருள்ள கலத்தையே நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினர். இளம் பைக்குரிய நிறத்தில் ஒளிர்ந்த ஒரே பை, சில நிமிடங்களில் முதிர்ந்த பைக்குரிய நிறத்துக்கு மாறியது. அக்கலங்கள் கொல்லப்படவுமில்லை, வெள்ளியிலோ ஒசுமியத்திலோ தோய்க்கப்படவுமில்லை.