பக்கிங்காம் கால்வாய்க் கரை (சிறுசேரி - முட்டுக்காடு)

சிறுசேரி, செங்கல்பட்டு மாவட்டத்தில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய ஊர். சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவால் இன்று அறியப்படுகிறது. ஊருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காடு உப்பங்கழியும் உள்ளன. கழிக்காற்றும் கேளம்பாக்கம் பக்கம் இறங்கும் பூநாரைகளும் மனச்சோர்வு நீங்க நடப்பவர்களுக்கு ஏற்றவை. ஆனால் இந்தக் கால்வாயின் கரைகள் உலாவுவதற்காக உண்டானவை அல்ல.

கால்வாய்ப் பணி 1806இல் சென்னைக்கு வடக்கே தொடங்கியது. பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகரின் பெயரால் அது முதலில் வழங்கப்பட்டது. பின்னர் படிப்படியாக நீண்டு, ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கி.மீ. நீர்வழியாயிற்று. தமிழ்நாட்டில் ஓடுவது ஏறக்குறைய 163 கி.மீ.

சென்னை நகருக்குள் மட்டும் ஓர் இடைவெளி இருந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. வெட்டப்படாததால் வடக்கிலிருந்து வந்த படகுகள் தெற்கே செல்ல இயலவில்லை. தாது வருடப் பஞ்சத்தின்போது (1876-78) பஞ்ச நிவாரண வேலையாக அந்தப் பகுதி வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் கஞ்சிக்கு வழியின்றி வந்த மக்கள். 1877 தொடக்கத்தில் சென்னை மாகாண நிவாரணக் கூலியை, ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் சிறிது காசும் என்ற அளவுக்கு ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். மண் வெட்டும் உடலுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சில மாதங்களில் கூலி உயர்த்தப்பட்டது. கால்வாய்க்கோ அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் வைக்கப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எந்தக் கரையிலும் இல்லை.

உப்பு, விறகு, நெல், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் ஆகியவை தோணிகளில் சென்றன. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். இல்லையேல் ஒருவர் கழி ஊன்றித் தள்ள, மற்றவர் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையோடு நடந்து இழுப்பார். வெயிலானாலும் இரவானாலும் அந்த நடை நிற்காது. கால்வாய்க் கரையை நடைபாதையாக்கியவை அந்தக் கால்களே. இங்கிலாந்திலும் படகிழுக்கும் குதிரைகளுக்காக அமைந்த கால்வாய்க் கரைகள் இன்று உலாப் பாதைகளாக உள்ளன. இங்கே பெரும்பாலும் குதிரையின் இடத்தில் மனிதர் இருந்தார் என்பதே வேறுபாடு.

இன்பப் பயணத்துக்கும் இவ்வழி பயன்பட்டது. கடற்கரைச் சாலை வருமுன் சென்னையிலிருந்து மாமல்லபுரச் சிற்பங்களைக் காணச் சென்றவர்கள் பலர் தோணியில்தான் சென்றனர். பாரதிதாசன் நண்பர்களுடன் அவ்வாறு சென்ற பயணமே ‘மாவலிபுரச் செலவு’ என்னும் கவிதையாயிற்று.

ரயிலும் லாரியும் சரக்கைப் பறித்துக்கொண்டன. 1960களின் நடுவில் வீசிய புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்தின. பின்னர் மணல் மேடிட்டு, பல இடங்களில் ஆகாயத்தாமரை படர்ந்தது. 2004 சுனாமியின்போது அலைநீரின் ஒரு பகுதியை இக்கால்வாய் உள்வாங்கிக்கொண்டது. இன்று முட்டுக்காட்டில் சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. கயிறு இழுப்பவர் இல்லை.