தணிந்த சினமும் தணியாத சினமும்: தணிகை வட்டாரத்தில் பகைவன் உருமாறிய வரலாறு

கந்த சஷ்டியின் ஆறாம் நாள் மாலை, திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரன் விழுகிறான். யானைமுகமாக, சிங்கமுகமாக, பிறகு சொந்த முகத்தோடு ஒவ்வொரு தடவையும் எதிர்த்து வந்து வேலுக்குத் தலை கொடுக்கிறான். அதே மாலை திருத்தணி மலையில் சூரசம்ஹாரம் கிடையாது. சண்முகருக்குக் கூடை கூடையாகப் பூச்சொரிந்து புஷ்பாஞ்சலி நடக்கிறது. போர் முடிந்து முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை இது, ஆகவே இங்கே போரைத் திரும்ப நடத்துவதில்லை என்கிறது தலவரலாறு. தணிகை என்ற பெயருக்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள்.

ஆடிக் கிருத்திகைக்குக் கே.ஜி.கண்டிகை முதலிய சுற்றூர்களிலிருந்து காவடி எடுத்து 365 படி ஏறுகிறவர்களுக்கு இது தெரிந்த செய்திதான். ஆனால் வீரனையும் பகைவனையும் ஆராய்கிறவர்கள் இந்த வேறுபாட்டில் நின்று யோசிக்க வேண்டும். சமூகம் தன் அச்சத்துக்கு ஒரு முகம் வரைந்து அதைப் பகைவன் என்று அழைக்கிறது என்பது பலரும் ஏற்ற கருத்து. தணிகை மரபு அதற்கு ஒரு படி மேலே போய், வென்றவனின் சினத்தையும் அஞ்சியது; அதுவும் தணிந்தால்தான் கதை முடிந்ததாகக் கொண்டது. அந்தப் பிற்பகுதி நம் காலத்துக் கதைகளில் எப்படித் தேய்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

‘சூர்’ என்ற சொல்லில் தொடங்கலாம். அச்சம், துன்பம், நோய், கொடுமை, வருத்தும் தெய்வம் என அகராதிகள் அதற்குப் பொருள் தருகின்றன. சங்கப் பாடல்களில் சூர் மலையிலும் சுனையிலும் உறையும் ஓர் ஆற்றல். பெண் வடிவில் தோன்றினால் சூரரமகளிர். மகள் மெலிந்தால் தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துவாள். வந்த வேலன் இது முருகு அணங்கியதால் வந்த நோய் என்பான். வருத்துவதும் முருகு, வருத்தம் தீர வேண்டிப் பலி கொடுப்பதும் முருகுக்கே. காப்பவனையும் அச்சுறுத்துபவனையும் அந்தக் காலம் தனித்தனியே பிரித்து வைக்கவில்லை. திருமுருகாற்றுப்படையில் சூர் உண்டு, அவுணர் உண்டு, வெட்டுண்ட மாமரம் உண்டு. சூரபன்மன் என்ற பேரரசன் இல்லை.

அவன் பிறகு வருகிறான். வடமொழியில் சூரன் என்றால் வீரன். தமிழ்ச் சூரோடு அந்த ஒலி ஒன்றியபோது அச்சமும் வீரமும் ஒரே பெயருக்குள் குடியேறின. காஞ்சி குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தில் இந்தப் பெயருக்கு முழு வாழ்க்கை வரலாறே கிடைக்கிறது. தவம் கிடந்து வரம் பெறுகிறான், வீரமகேந்திரபுரத்திலிருந்து 1,008 அண்டங்களை 108 யுகம் ஆள்கிறான். தேவர்களை மீன் சுமக்க வைக்கிறான். இந்திரன் மகன் சயந்தனைச் சிறையில் அடைக்கிறான். சுனையில் இருந்த அச்சம் அரியணைக்கு ஏறிவிட்டது. ஏவல், சிறை, குற்றேவல் என்று குடிகள் அரசனிடம் அஞ்சியதெல்லாம் அசுரன் மேல் ஏற்றப்பட்டதாகவே இதை வாசிக்கிறேன். தம்பி சிங்கமுகன் அறிவுரை சொல்கிறான், அண்ணன் கேட்கவில்லை; கேட்காத அண்ணனுக்காகவே போரிட்டுச் சாகிறான். இந்த இடம் எப்போது படித்தாலும் என்னை நிறுத்திவிடுகிறது.

முடிவில் மாமரமாக நின்ற சூரனை வேல் பிளக்கிறது. ஒரு கூறு மயில், ஒரு கூறு சேவல். ஒன்று ஊர்தி, மற்றொன்று கொடி. பகைவன் அழியவில்லை, உடன்வைத்துக்கொள்ளப்படுகிறான். திருத்தணியிலோ சந்நிதிக்கு எதிரே அந்த மயிலும் இல்லை, யானை இருக்கிறது. தெய்வானையை மணம் செய்து தந்தபோது இந்திரன் சீராக அளித்த ஐராவதம் என்பார்கள். வெற்றிச் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் திருமணச் சீர் நிற்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழ்ப் பாடல்கள் பலவற்றைப் பாடியதும், பதினெட்டாம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் இயற்றியதும் இந்த மலைக்குத்தான். அருகிலுள்ள சோளிங்கரிலும் இரணியனைக் கிழித்த நரசிம்மர் யோகத்தில் அமர்ந்திருக்கிறார். பக்கத்துப் பக்கத்து மலைகள் இரண்டிலும் சினம் அடங்கிய வீரனையே மக்கள் வணங்குகிறார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் அச்சத்தின் முகம் துரை. புத்தாண்டு அன்று துரைமார் வீட்டு வாசலில் காத்திருந்தவர்களிடம், துரைக்கெல்லாம் துரையான தணிகையானைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லி டிசம்பர் 31 படித்திருவிழாவை வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கினார் என்பது வழக்கு. இன்றும் அன்றிரவு படிக்குப் படி திருப்புகழ் கேட்கிறது.

கோயிலை விட்டு ஊர்ப் பொட்டலுக்கு வந்தால் பகைவனுக்கு வேறொரு முகம். தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. இங்கே பகைவன் அசுரனல்ல, பங்காளி. ஏரிப்பாசனமும் கிணறும் நம்பிய நாட்டில் வரப்புக்கும் தண்ணீருக்கும் முறைக்கும் சண்டை போட்டது யாரோடு? தாயாதியோடுதான். துரியோதனன் அந்த அச்சத்தின் உருவம். கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம் என அவனுக்குக் கட்டும் கட்டையில் அர்ச்சுனனுக்குக் கட்டுவதைவிட ஒரு துண்டும் குறையாது. கூத்தில் தீயவனுக்கென்று தனி அழகின்மை கிடையாது.

படுகளத்தன்று களத்தில் அவனை மண்ணால் மல்லாந்து கிடக்கும் பேருருவாகச் செய்கிறார்கள். வீமன் வேடக்காரர் துரத்த, துரியோதனன் வேடக்காரர் அந்த மண்ணுடலின் மேலேயே ஏறி ஓடுகிறார். தொடையில் அடி விழுகிறது. உள்ளே புதைத்த செந்நீரைத் தொட்டுத் திரௌபதி கூந்தல் முடிகிறாள். கதை அத்தோடு நிற்பதில்லை. செத்தவன் பக்கத்துப் பெண் வந்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறாள். ஊர்ப் பெண்களும் கண் கலங்குகிறார்கள். படுகள மண்ணைப் பல ஊர்களில் நல்லதென்று வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். மாலையில் தீமிதி. திரௌபதி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ப் ஹில்டெபைட்டலின் நூல்கள் 1988-லும் 1991-லும் வந்தன. பகைவனைக் கொன்ற கையோடு அவனுக்காக அழுதும் தீர்க்கும் ஒரு சமூகத்தை அந்தக் களத்தில் காணலாம். பங்காளி செத்தாலும் பங்காளிதான், மறுநாளும் அதே ஊரில் அவன் மக்களோடுதான் வாழ வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் யார் பகைவன் என்ற கேள்வியே தலைகீழானது. பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ நாடகம் 1934-இல் மேடையேறியது. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வெளிவந்து, 1948-இல் தடைசெய்யப்பட்டு, 1971-இல் தடை நீங்கியது. ஒரு காவியத்துக்கு அரசே அஞ்சியது என்றால், பகைவனை யார் வரைவது என்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று புரியும். எல்லைக்கு அப்பால் தெலுங்கில் என்.டி.ராமராவ் 1961-இல் ‘சீதாராம கல்யாணம்’ படத்தில் இராவணனாகவும், 1977-இல் ‘தான வீர சூர கர்ணா’ படத்தில் துரியோதனனாகவும் கம்பீரமாக நின்றார். ம.பொ.சி. முதலியோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்த திருத்தணியில் இரண்டு மொழியும் புழங்கின, இரண்டு மாற்றங்களும் வந்து சேர்ந்தன.

திரைப்படம் அச்சங்களை வேகமாக மாற்றியது. 1951-இல் ‘பாதாள பைரவி’யில் எஸ்.வி.ரங்காராவ் மந்திரவாதி. 1965-இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் நம்பியார் சாட்டையோடு வீட்டுக்குள்ளேயே ஆள்கிறார். பிறகு கடத்தல்காரன், அரசியல்வாதி, 1996-இல் ‘இந்தியன்’ படத்தின் லஞ்ச அதிகாரி. ஒவ்வொருவரும் அந்தந்தக் காலத்துப் பார்வையாளர் கண்முன்னே கண்டு அஞ்சியவர்கள்.

சிவகாசியின் முத்து காமிக்ஸ் 1972-இல் தந்த இரும்புக்கை மாயாவி கொஞ்சம் வேறானவர். ஆய்வுக்கூட விபத்தில் கையிழந்து, மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறையும் மனிதர். மூலக் கதையில் முதலில் குற்றவாளியாகி, பிறகே காவலராகிறார். லயன் காமிக்ஸின் ஸ்பைடரும் அப்படியே திருந்திய குற்றவாளி. அவன் கதைகள் பலவற்றை எழுதியவர் 1938-இல் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். காப்பவனும் அச்சுறுத்துபவனும் ஓருடலில் இருந்த வெறியாட்டுக் காலத்து உணர்வு, கடல் கடந்து வந்த தாளில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் திரும்பக் கிடைத்தது.

இவ்வரிசையில் ‘எந்திரன்’ (2010) எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்திரமனிதன் சிட்டியே வீரன், சிட்டியே பகைவன். நீதிமன்றம் ஆணையிட, தன் உடலைத் தானே ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைக்கிறது. நம் பெரும் படங்களில் சினத்தைத் தணிக்கும் காட்சி இவ்வளவு நீளமாக வந்தது அரிது. மற்றப் படங்களில் பகைவன் விழுந்ததும் வீரன் நடந்து வருகிறான். அவன் கையிலிருந்த வெறி எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை. விழுந்தவனுக்காக அழவும் ஆளில்லை. இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். தணியாத வீரனைக் கைதட்டி அனுப்பும் பழக்கம் திரையோடு நிற்பதில்லை.

திரை இழந்ததைக் கூத்து இன்னும் வைத்திருக்கிறது. திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டங்களில் பாரதம் நடக்கும் ஊர்களில் துரியோதனன் கட்டை கட்டும் கலைஞர்களின் வசனமும், படுகளத்து ஒப்பாரியும் கூத்து வாத்தியார்களின் நோட்டுகளிலும் நினைவிலும் இருக்கின்றன. ஊருக்கு ஊர் வேறுபடும் அந்தப் பாடங்களை இவ்வட்டாரக் கல்லூரி மாணவர்கள் அடுத்த திருவிழாக் காலத்திலேயே ஒலிப்பதிவு செய்யத் தொடங்க வேண்டும். தமிழ் ஊர்களோடு தெலுங்கு பேசும் ஊர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.