லண்டன் – சிட்னி: தூரம் ஒன்று, நேரம் பல

லண்டனுக்கும் சிட்னிக்கும் நடுவே எவ்வளவு தூரம்? பூமி உருண்டை மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் சுமார் 17,000 கிலோமீட்டர். தாத்தா காலத்திலும் அதேதான், இன்றும் அதேதான். பயண நேரம் மட்டும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஏன் என்று கேட்டால், "விமானத்தின் வேகம் கூடிவிட்டது, அவ்வளவுதானே" என்போம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பாதி பதில்தான்.

1919 நவம்பர் 12ஆம் தேதி ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற ஆஸ்திரேலியச் சகோதரர்கள், இரண்டு மெக்கானிக்குகளோடு லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவில் கிளம்பினார்கள். டிசம்பர் 10ஆம் தேதி டார்வினில் இறங்கினார்கள். ஏறக்குறைய 28 நாள். ஆனால் வானத்தில் இருந்தது சுமார் 135 மணி நேரம்தான். அதாவது ஆறு நாள் கூட இல்லை! மீதியெல்லாம் தரையில் போனது. சுரபாயாவில் சேற்றில் புதைந்த விமானம் மேலே எழும்ப, ஊர் மக்கள் மூங்கில் பாய்களை விரித்து ரன்வே போட்டுக் கொடுத்தார்கள்.

1947 டிசம்பரில் குவாண்டாஸ் நிறுவனம் கான்ஸ்டலேஷன் விமானத்தில் சிட்னி–லண்டன் சேவையைத் தொடங்கியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, டிரிப்போலி என்று ஆறு இடத்தில் இறங்கி, நாலு நாளில் போய்ச் சேர்ந்தது. பிறகு ஜெட் வந்தது. 1959ல் போயிங் 707 பறந்த வேகம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர். இன்றைய பயணிகள் விமானமும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். அப்படியானால் அதற்குப் பிறகும் நேரம் எப்படிக் குறைந்தது? வழியில் நிற்பது குறைந்தது!

நிற்காமல் பறப்பது லேசான காரியமில்லை. கூடுதல் தூரத்துக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். அதைச் சுமக்கவே இன்னும் கொஞ்சம் எரிபொருள் வேண்டும். 1942ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்து இந்த வான்வழி அறுந்தபோது, 1943 முதல் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கலை ஏரிக்கு கேட்டலினா கடல் விமானங்கள் நிற்காமல் பறந்தன. 27 முதல் 33 மணி நேரம். எரிபொருள் பாரத்தால் மூன்று பயணிகளுக்குத்தான் இடம். எதிரிக்குத் தெரியாமலிருக்க ரேடியோவும் மௌனம். ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம் பார்க்கலாம் என்பதால் 'இரட்டை உதயம்' என்று பெயர் வந்தது.

1989 ஆகஸ்டில் ஒரு புது 747-400, லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமல் 20 மணி 9 நிமிடத்தில் வந்தது. ஆனால் டிக்கெட் வாங்கிய பயணி ஒருவர் கூட இல்லை. அடர்த்தி கூடிய தனி எரிபொருள் வேறு. 2018 மார்ச்சில்தான் பெர்த்–லண்டன், சுமார் 14,500 கிலோமீட்டர், பயணிகளோடு நிற்காமல் சுமார் 17 மணி நேரச் சேவையானது. லேசான உடற்பகுதியும் சிக்கனமான இன்ஜினும் கொண்ட போயிங் 787 அதைச் சாதித்தது. சிட்னி–லண்டன் நேரடிச் சேவைக்கென்று குவாண்டாஸ் 2022ல் ஆர்டர் செய்த ஏர்பஸ் விமானங்களின் திட்டத்துக்கு, பழைய கேட்டலினாக்களின் நினைவாக 'சன்ரைஸ்' என்றே பெயர்.

இதில் இழப்பும் உண்டு. அன்று பயணி கல்கத்தாவில் இறங்கி அந்த மண்ணை மிதித்தார். இன்று அந்த ஊர்கள் திரையில் நகரும் வெறும் புள்ளிகள்.

மாணவத் தம்பி தங்கைகளே, நாளை உங்கள் கைக்கு வரும் எந்த வேலையும் தாமதமானால், உடனே இன்ஜினைப் பெரிதாக்க ஓடாதீர்கள். அது எங்கெங்கே நிற்கிறது என்று முதலில் ஒரு கணக்கு எடுங்கள்.