திக்ரித்திலிருந்து திரும்பிய சாட்சியம்

மனித உரிமைப் பணியில் செவிலியரைப் பிறர் உரிமையின் காவலராகக் காண்பதே வழக்கம். அவரை உரிமைக்குரியவராகவும் சாட்சியாகவும் காட்டுவது கேரள வரலாறு. செவிலியர் பணிநிலை குறித்த 149ஆம் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1977இல் நிறைவேற்றியது. அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கான கேரள அரசு நிறுவனம் ஒடெபெக் தோன்றியதும் அவ்வாண்டில்தான். ஆயினும் வளைகுடாவுக்குச் சென்ற செவிலியர் பலர் தனியார் முகவர்களுக்குப் பெருந்தொகை கொடுத்தே சென்றனர். ஈராக்கின் திக்ரித்தில் போரிடையே சிக்கிய 46 இந்தியச் செவிலியர் 2014 ஜூலையில் கொச்சியில் வந்திறங்கினர். அவர்களுள் பலர் குண்டுவீச்சைப் பற்றி மட்டும் பேசவில்லை; வராத சம்பளத்தையும் தீராத கல்விக்கடனையும் பேசினர். முகவர் மோசடிப் புகார்கள் பெருகிய நிலையில், 2015இல் நடுவண் அரசு, குடியகல்வு அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கான செவிலியர் ஆட்சேர்ப்பை அரசு முகமைகளுக்கு மட்டுமே உரியதாக்கியது. அவற்றுள் ஒடெபெக், நோர்க்கா ரூட்ஸ் இரண்டும் கேரளத்தில் இயங்குபவை. 149ஆம் உடன்படிக்கைக்கு இந்தியா இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.