மெடிகேர் துணைக் காப்பீடும் அதன் ஏஜெண்டுகளும்

மெடிகேர் துணைக் காப்பீடு என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 65 வயது நிறைந்தவர்களுக்கென்று மத்திய சர்க்கார் நடத்திவரும் மெடிகேர் என்னும் வைத்தியக் காப்புத் திட்டம் கொடுத்தது போக, நோயாளியின் தலையில் மிஞ்சி நிற்கும் செலவை ஏற்றுக்கொள்வதற்காகத் தனியார் கம்பெனிகள் விற்கும் பாலிஸியாகும். இடைவெளியை அடைப்பது என்ற கருத்தில் இதை ‘மெடிகாப்’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். இந்தப் பாலிஸியை வாங்குகிறவர் தீர்மானிக்க வேண்டிய விஷயங்களுள் தலையாயவை இரண்டே: ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் வகைகளில் எந்த எழுத்துள்ள பாலிஸி, எந்தக் காலத்தில் வாங்குவது. கம்பெனியின் கீர்த்தியும் ஏஜெண்டின் வாக்குச் சாதுரியமும் இவ்விரண்டுக்கும் பிற்பட்டவையே.

இடைவெளி எப்படி உண்டாயிற்று என்று அறிய 1965-ஆம் வருஷத்துக்குப் போகவேண்டும். அவ்வருஷம் ஜூலை 30-ந் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன், மிஸௌரி மாநிலத்தில் இண்டிபெண்டென்ஸ் நகரிலுள்ள ட்ரூமன் நூலகத்துக்கே சென்று மெடிகேர் சட்டத்தில் கையொப்பமிட்டார். தேசம் முழுவதற்கும் வைத்தியக் காப்பு வேண்டுமென்று தம் பதவிக் காலத்தில் போராடித் தோற்றிருந்த முன்னாள் ஜனாதிபதி ஹாரி ட்ரூமனுக்கு முதல் அட்டை வழங்கப்பட்டது. அந்நாளில் புழக்கத்திலிருந்த புளூ கிராஸ், புளூ ஷீல்டு என்னும் காப்பீட்டுத் திட்டங்களின் சாயலில் இது வகுக்கப்பட்டமையால், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ‘ஏ’ பகுதி, டாக்டர் செலவுக்கு ‘பி’ பகுதி என்று இரண்டு கூறாயிற்று. ஒவ்வொரு கூறிலும் நோயாளி முதலில் கைப்பணத்திலிருந்து கட்டவேண்டிய ‘டிடக்டிபிள்’ தொகை ஒன்றும், அதற்குப் பிறகும் அவர் பொறுப்பில் நிற்கும் பங்கு ஒன்றும் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டன.

2025-ஆம் வருஷக் கணக்கைப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். ஆஸ்பத்திரியில் படுத்தவுடன் 1,676 டாலர். அறுபது நாளுக்குமேல் தங்க நேர்ந்தால் 61-ஆம் நாளிலிருந்து தினம் 419 டாலர். 91-ஆம் நாளிலிருந்து, ஆயுளில் ஒருமுறை மட்டும் கிடைக்கும் அறுபது நாள் சேமிப்பைத் தொடும்போது, தினம் 838 டாலர். அந்த முதல் தொகை வருஷத்துக்கு ஒருமுறை கட்டுவது என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பது பிழை. ஆஸ்பத்திரியைவிட்டு வந்து அறுபது நாள் கழிந்தபின் மறுபடி சேர்ந்தால், அதே வருஷத்திலும் அதை மறுபடி கட்டியாகவேண்டும். ‘பி’ பகுதியிலோ, வருஷத்துக்கு 257 டாலர் கட்டியபின் மெடிகேர் அங்கீகரித்த தொகையில் நூற்றுக்கு எண்பதை மெடிகேர் கொடுக்கும். மிச்சம் இருபது நோயாளியுடையது. இந்த இருபதுக்கு உச்சவரம்பு கிடையாது என்பதுதான் முக்கியமான சங்கதி. புற்றுநோய்க்காகச் சிகிச்சை நிலையத்தில் ஊசிவழி ஏற்றும் மருந்துக்கு 50,000 டாலர் அங்கீகரிக்கப்பட்டால் 10,000 டாலர் வீட்டிலிருந்து போகும். மெடிகேரிலிருந்து தபாலில் வரும் கணக்குத் தாளில், இது பில் அல்ல என்று அச்சிட்டிருக்கும். அதற்குக் கீழே, டாக்டர் கேட்டது, மெடிகேர் ஒப்புக்கொண்டது, மெடிகேர் கொடுத்தது என்று வரிசையாகப் பத்திகள் வந்து, நீங்கள் செலுத்த நேரக்கூடிய அதிகபட்சத் தொகை என்ற பத்தியில் முடியும். துணைக் காப்பீட்டின் வேலையெல்லாம் அந்தக் கடைசிப் பத்தியில்தான்.

ஆரம்ப காலத்தில் இந்தப் பத்தியை அடைப்பதாகச் சொல்லிக் கம்பெனிகள் விற்ற பாலிஸிகள் ஒன்றுக்கொன்று ஒப்பிட முடியாதபடி விதவிதமாக இருந்தன. எது எதை அடைக்கும் என்பது புரியாத கிழவர்களும் கிழவிகளும் ஒரே செலவுக்கு இரண்டு மூன்று பாலிஸிகளை வாங்கிவைத்துப் பிரீமியம் கட்டிவந்தார்கள். 1978-இல் கிளாட் பெப்பர் தலைமையில் அமெரிக்கப் பிரதிநிதி சபையின் முதியோர் நலக் கமிட்டி இந்த விற்பனை அக்கிரமங்களை விசாரித்தது. 1980-இல் மாண்டானா மாநில ஸெனட்டர் மாக்ஸ் பாக்கஸின் பெயரால் வழங்கும் திருத்தம் வந்தது. ஆனால் நோய்க்கு உண்மையான மருந்து 1990-ஆம் வருஷச் சட்டம்தான்: அதன்படி 1992 முதல் பாலிஸிகள் ‘ஏ’ முதல் ‘ஜே’ வரை பத்து வகைகளுக்குள் அடக்கப்பட்டன. எழுத்து ஒன்றானால் எந்தக் கம்பெனி விற்றாலும் அடிப்படைப் பலன்கள் ஒன்றே என்பது அதன் சாரம். மாஸசூஸெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்ஸின் ஆகிய மூன்று மாநிலங்கள் மாத்திரம் தங்களுக்கென்று வேறு ஏற்பாடு வைத்திருக்கின்றன. வாங்குபவரின் பாதுகாப்புக்காக இதைவிடத் தெளிவான சீர்திருத்தம் இன்ஷூரன்ஸ் வியாபாரத்தில் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே.

பிறகு சில எழுத்துகள் மறைந்தன. 2010-இல் ‘எம்’, ‘என்’ இரண்டும் சேர்ந்தன. எல்லாவற்றையும் அடைத்துவந்த ‘எஃப்’ பாலிஸியும், ‘சி’ பாலிஸியும், 2020 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பின்போ மெடிகேருக்குத் தகுதி பெறுகிறவர்களுக்கு விற்கப்படுவதில்லை. இன்று புதிதாக வருபவர் பெரும்பாலும் ‘ஜி’, ‘என்’ இரண்டையுமே எடைபோடுகிறார். ‘ஜி’யில் ‘பி’ பகுதியின் அந்த வருஷ டிடக்டிபிள் தொகை தவிர, மெடிகேர் அங்கீகரித்த சிகிச்சையில் ஏறக்குறைய வேறொன்றும் கையைக் கடிப்பதில்லை. ‘என்’னில் பிரீமியம் குறைவு, பதிலுக்கு, டாக்டரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் 20 டாலர் வரையிலும், ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் அனுப்பிவிடும் அவசரப் பிரிவு விஜயத்துக்கு 50 டாலர் வரையிலும் கொடுக்கவேண்டும். மெடிகேர் கட்டணத்தைப் பூரணமாக ஏற்காத டாக்டர் சட்டப்படி நூற்றுக்குப் பதினைந்து வரை கூடுதலாகக் கேட்கலாம். அதையும் ‘என்’ கொடுக்காது. வருஷத்தில் எத்தனை முறை டாக்டரிடம் போகிறோம் என்று ஒரு காகிதத்தில் கணக்கிட்டு, இரண்டு பிரீமியங்களின் வித்தியாசத்தோடு வைத்துப் பார்த்தால் விடை தானே வந்துவிடும். பல், கண்ணாடி, காது கேட்கும் கருவி, நீண்டகாலப் பராமரிப்பு, வீட்டில் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகள் இவை எந்த எழுத்திலும் அடங்கா. மாத்திரைகளுக்கு ‘டி’ பகுதியைத் தனியே எடுக்கவேண்டும்.

பலன் ஒன்றாகவே இருக்க, விலை மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி வெகுவாக மாறுகிறது. அதற்குரிய முறைகள் மூன்று. வயது வித்தியாசம் பாராமல் எல்லோருக்கும் ஒரே பிரீமியம் விதிப்பது ஒன்று. வாங்கிய நாளின் வயதை நிலையாக வைத்து விதிப்பது மற்றொன்று. வருஷாவருஷம் ஏறும் வயதுக்கேற்ப உயர்த்துவது மூன்றாவது. மூன்றாவது முறையில் அறுபத்தைந்தாம் வயதில் பிரீமியம் மிகக் குறைவாகத் தெரியும். எழுபத்தெட்டில் அந்த மலிவு இராது. விலைவாசியால் ஏறுவது மூன்றுக்கும் பொது. ஆகையால் இன்றைய பிரீமியத்தோடு, அந்தக் கம்பெனி சென்ற சில வருஷங்களில் எவ்வளவு உயர்த்தியது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வதே விவேகம்.

இனிக் காலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இதில் தவறியவர்களின் கஷ்டம் மற்றெதையும்விடப் பெரிதாகையால் சற்று விரிவாகவே சொல்லத்தகும். 65 வயது நிறைந்து ‘பி’ பகுதியில் சேர்ந்த மாதத்தின் முதல் தேதி தொடங்கி ஆறு மாதம் வரையில், எந்தக் கம்பெனியும் எந்த நோயைக் காரணம் காட்டியும் பாலிஸியை மறுக்கவோ, விலையை உயர்த்தவோ கூடாது. முன்பே இருந்த வியாதிக்குச் சில சந்தர்ப்பங்களில் ஆறு மாதம் வரை பொறுத்திருக்கச் சொல்லலாம். அதற்கு முன்பு வேறு காப்பீடு தொடர்ச்சியாக இருந்திருந்தால் அக்காலமும் குறைந்துவிடும். இந்த ஆறு மாதம் ஆயுளில் ஒருமுறைதான். அது கடந்தபின் பெரும்பாலான மாநிலங்களில் விண்ணப்பத்தின் நடுப்பக்கத்திலுள்ள கேள்விகள் குறுக்கே வந்து நிற்கும்: கடந்த இரண்டு வருஷத்தில் மாரடைப்பு உண்டா, புற்றுநோய்க்குச் சிகிச்சை உண்டா, டாக்டர் சொல்லியும் இன்னும் செய்துகொள்ளாத ஆபரேஷன் உண்டா என்று. ஒன்றுக்கு ‘ஆம்’ என்று எழுதினாலே கதவு சாத்திக்கொள்ளக்கூடும். நியூயார்க், கனெக்டிகட், மாஸசூஸெட்ஸ், மெய்ன் மாநிலங்களில் பின்னாலும் வாங்கும் உரிமை உண்டு. கலிபோர்னியா போன்ற சில இடங்களில், ஏற்கெனவே பாலிஸி வைத்திருப்பவர் பிறந்தநாளை ஒட்டி அதற்கு நிகரான வேறொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். துணைக் காப்பீட்டுக்குப் பதிலாக ‘மெடிகேர் அட்வாண்டேஜ்’ என்னும் தனியார் திட்டத்தில் முதன்முறையாகச் சேர்ந்தவர், பன்னிரண்டு மாதத்துக்குள் பிடிக்காமல் வெளியே வந்தால் மெடிகாப் வாங்கும் உரிமை அவருக்கு மீளும். அதற்குப் பின்பு அந்தச் சலுகை இல்லை. அட்வாண்டேஜ் திட்டத்தின் பூஜ்யப் பிரீமியத்தையும் பல் வைத்தியத்தையும் விஸ்தாரமாகச் சொல்லும் ஏஜெண்டுகள் இந்தப் பன்னிரண்டு மாதத்தைச் சொல்லாமல் விடுவதுண்டு. கேட்பவர் தாமாகவே கேட்டுவிட வேண்டும்.

ஏஜெண்டு என்பவர் மாநில சர்க்காரின் லைஸென்ஸ் பெற்றவர். ஒரே கம்பெனிக்குக் கட்டுப்பட்டவர்களும் உண்டு, பல கம்பெனிகளின் பாலிஸியை விற்பவர்களும் உண்டு. வாங்குபவர் அவருக்குத் தனியே ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. கம்பெனி கமிஷன் கொடுக்கிறது. முதல் வருஷக் கமிஷன், இரண்டாம் வருஷக் கமிஷனைப் போல் இரு மடங்குக்குமேல் போகக் கூடாது என்றும், ஒரு பாலிஸியை மாற்றி இன்னொன்றை விற்றால் அந்த முதல் வருஷ லாபம் கிடைக்காது என்றும், மாநில இன்ஷூரன்ஸ் கமிஷனர்களின் தேசியச் சங்கம் வகுத்த மாதிரி விதி சொல்கிறது. வருஷாவருஷம் பாலிஸியை மாற்றச் சொல்லி முதியவர்களை அலைக்கழித்த பழக்கத்தைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. பொய்யான ஒப்பீட்டால் பழைய பாலிஸியைக் கைவிடச் செய்வதும், மிரட்டியோ நெருக்கியோ வாங்கவைப்பதும், ஏஜெண்டு வந்து பேசுவார் என்பதை மறைத்த விளம்பரத்தால் விலாசம் சேகரிப்பதும் அதே விதியில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கின்றன. தாம் மெடிகேரிலிருந்தோ சர்க்காரிலிருந்தோ வந்திருப்பதாகச் சொல்வது குற்றம். மெடிகாப் வைத்திருப்பவருக்கு, பழையதை விடும் உத்தேசம் இல்லாதபோது, இரண்டாவது மெடிகாப் விற்பதும் குற்றம்.

நல்ல ஏஜெண்டின் உபகாரம் சிறிதல்ல. ஒரே எழுத்துக்கு ஐந்தாறு கம்பெனிகளின் விலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, பிரீமியம் ஏறிவந்த விவரத்தையும் சொல்லி, “இன்றைக்கே கையெழுத்துப் போடவேண்டாம், பிள்ளைகளோடு கலந்துகொள்ளுங்கள்” என்று எழுந்து போகிறவர் கிடைத்தால் அவரை விடலாகாது. கேள்விகளைப் படித்துக் காட்டாமல் வரிசையாக ‘இல்லை’ என்று தாமே குறித்துக்கொண்டு போகிறவரிடம் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். எழுதியது அவர் கையானாலும் கையெழுத்து விண்ணப்பதாரருடையது. சொன்னது பொய்யென்று பின்னால் தெரிந்தால் கம்பெனி பாலிஸியையே ரத்துச் செய்ய இடமுண்டு. பணத்தைச் செக்காக, கம்பெனியின் பெயருக்கே எழுதவேண்டும். ஏஜெண்டின் பெயருக்கு எழுதுவதும் ரொக்கமாகக் கொடுப்பதும் கூடா. பாலிஸி கைக்கு வந்தபின் முப்பது நாள் வைத்துப் பார்த்து, வேண்டாமென்றால் திருப்பிக்கொடுத்துப் பணத்தைப் பெறலாம். மாற்றும்போது, புதியது கைக்கு வந்து அதை வைத்துக்கொள்வதென்று நிச்சயம் செய்யும்வரை பழையதை ரத்துச் செய்யலாகாது. ஒரு மாதத்துக்கு இரட்டைப் பிரீமியம் கட்டினாலும் நஷ்டமில்லை.

விற்பனையில் சம்பந்தமில்லாத ஆலோசனைக்கும் வழி உண்டு. 1990-ஆம் வருஷச் சட்டத்தின் பயனாகவே ஒவ்வொரு மாநிலத்திலும் இலவச ஆலோசனை நிலையங்கள் ஏற்பட்டு, பயிற்சி பெற்ற தொண்டர்கள் எதிரே உட்கார்ந்து பாலிஸிகளை விளக்குகிறார்கள். கலிபோர்னியாவில் இதற்கு ‘ஹைகாப்’ என்றும் ஃப்ளாரிடாவில் ‘ஷைன்’ என்றும் பெயர்.

பிள்ளைகளோடு வசிக்க அமெரிக்கா சென்ற தமிழ்ப் பெற்றோர்களுக்கும் இந்த விஷயம் நேரே சம்பந்தப்படுகிறது. அங்கே உத்தியோகம் பார்த்து வரி செலுத்தாதவராயினும், கிரீன் கார்டு பெற்று ஐந்து வருஷம் தொடர்ந்து வசித்த 65 வயதினர் விலைகொடுத்து மெடிகேரில் சேரலாம். உழைப்புக் கணக்கு போதிய அளவு இல்லாதவர்களுக்கு 2025-இல் ‘ஏ’ பகுதிக்கு மாதம் 518 டாலர் வரையிலும், ‘பி’ பகுதிக்கு 185 டாலரும் ஆயிற்று; இரண்டும் இருந்தால்தான் துணைக் காப்பீடு விற்பார்கள். மெடிகேர் பெரும்பாலும் கடல் தாண்டிச் செலவு கொடுப்பதில்லை. ஆனால் ‘ஜி’, ‘என்’ முதலிய பாலிஸிகளில், வருஷத்துக்கு 250 டாலர் கழித்து, அந்நிய நாட்டில் நேரும் அவசரச் சிகிச்சைக்கு நூற்றுக்கு எண்பது, ஆயுளுக்கு 50,000 டாலர் வரை கொடுக்கும் ஷரத்து இருக்கிறது; பயணத்தின் முதல் அறுபது நாளுக்குள் தொடங்கிய அவசரத்துக்கு மாத்திரமே அது செல்லும். மார்கழிக் கச்சேரிக்குச் சென்னை வந்து சித்திரைவரை தங்குகிறவர் மூன்றாம் மாதத்திலிருந்து வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஊரிலேயே இருக்கப் போகிறோமே என்று புறப்படுமுன் பிரீமியத்தை நிறுத்திவிட்டு வந்தால், திரும்பிப்போய் மறுபடி விண்ணப்பிக்கும்போது அந்த நடுப்பக்கக் கேள்விகளுக்குப் பதில் எழுதியாகவேண்டும்.