அமைதிக்கு அரைக்கோளம் உண்டா?

இடது மூளை கணக்குப் பார்த்துக் கவலைப்படும், வலது மூளை முழுமையை உணர்ந்து அமைதி தரும் என்ற பங்கீட்டைத் தியானப் பயிற்சி நூல்கள் பலவும் ஐயமற்ற உண்மைபோலச் சொல்கின்றன. சான்றாக மூளை ஆய்வாளர் ரோஜர் ஸ்பெர்ரியை முன்னிறுத்துவது வழக்கம். ஆனால் 1981இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத்தந்த பிளவுமூளை ஆய்வுகள் அப்படி எதையும் நிறுவவில்லை. கடும் வலிப்பைத் தணிக்க, இரு அரைக்கோளங்களையும் இணைக்கும், ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் கொண்ட கார்ப்பஸ் கலோசத்தை வெட்டியபின், ஓர் அரைக்கோளம் கண்டதை மற்றது அறியவில்லை என்பது அவற்றின் முக்கிய முடிவுகளில் ஒன்று. அந்த வழியில் அவர் மாணவர் மைக்கேல் கசானிகாவும் ஜோசப் லெடூவும் 1970களில் செய்த சோதனை ஒன்று இங்கு முக்கியமானது. நோயாளியின் இடது அரைக்கோளத்துக்குக் கோழியின் காலையும், வலதுக்குப் பனி மூடிய காட்சியையும் காட்டினார்கள். முன்னால் பரப்பிய படங்களில் இடது அரைக்கோளம் இயக்கும் வலக்கை கோழியைத் தொட்டது, வலது இயக்கும் இடக்கை மண்வாரியைத் தொட்டது. காரணம் கேட்டபோது, பேச்சை ஆளும், ஆனால் பனியைக் காணாத இடது அரைக்கோளம் சற்றும் தயங்காமல், கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டும் என்றது. தெரியாத காரணத்தைப் புனைந்து அதைத் தானே நம்பும் இந்தச் செயலமைப்பைக் கசானிகா ‘விளக்குநர்’ என்று அழைத்தார். மனக்கலக்கத்தின் பெரும்பகுதி, விளக்குநரின் புனைவை நடந்த நிகழ்வாகவே எடுத்துக்கொள்வதில் பிறக்கிறது என்பதே என் வாதம். அமைதிக்கான இடத்தை மூளையின் ஒரு பக்கத்தில் தேடுவது அதனால்தான் வீண்.

பக்கவாதச் சான்றுகளும் அந்தத் தேடலுக்கு எதிராகவே நிற்கின்றன. இடது அரைக்கோளம் சேதமுற்றவர்களிடம் அழுகையும் பதற்றமும் மிகுவதையும், வலது சேதமுற்றவர்கள் தம் நோயைப் பொருட்படுத்தாதிருப்பதையும் குய்தோ கைனோத்தி 1972இல் பதிவுசெய்தார். எட்டு வாரத் தியானப் பயிற்சிக்குப் பின் முன்மூளையின் இடப்புறச் செயல்பாடு கூடியதாக ரிச்சர்ட் டேவிட்சன் குழுவினர் 2003இல் அறிவித்தனர். அமைதி வலப்புறத்துக்கே உரியதென்றால் இவ்விரண்டும் தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

நரம்பியலாளர் ஜில் போல்ட் டெய்லரின் அனுபவத்தை மறுப்பாகக் காட்டலாம். 1996 டிசம்பரில் இடது அரைக்கோளத்தில் குருதி கசிந்தபோது தம்முள் பேரமைதி பரவியதை அவர் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தச் சாட்சியத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் அப்போது அவருக்குள் நின்றுபோனது இடைவிடாத அகப்பேச்சு. இடப்புறச் சேதமே அமைதி தருமென்றால், பேச்சிழந்த பக்கவாத நோயாளிகள் பலர் ஏன் துயரில் ஆழ்கிறார்கள்?

அப்படியானால் விளக்குநரின் வாயை அடைப்பதே வழியா என்று கேட்கலாம். அதுவும் இல்லை. முகங்களில் தெரியும் உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிடும்போது, அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப்பகுதியான அமிக்டலாவின் கிளர்ச்சி தணிவதை மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் காட்டினர். அப்போது முனைப்புற்றதோ வலது முன்மூளையின் ஒரு பகுதி. இடப்புறத்தின் உடைமையெனக் கருதப்படும் சொல்லும், வலப்புறத்தின் கட்டுப்பாடும் அங்கே ஒரே செயலில் இணைகின்றன. ‘எனக்குக் கோபம் வந்திருக்கிறது’ என்று சொல்பவரும், ‘அவன் என்னை அவமதிக்கவே அப்படிச் செய்தான்’ என்று சொல்பவரும் மொழியைத்தான் பயன்படுத்துகிறார்கள். முதலாமவர் தம்முள் நேர்வதைக் குறிக்கிறார், இரண்டாமவர் காணாத பனிக்குக் காரணம் புனைகிறார்.